பழைய ரெட் ஒயின்: திறப்பது, சுவைப்பது, பகிர்வது

உலகத்தில் விற்கும் ரெட் ஒயினில் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு ஆண்டுக்குள் குடித்து முடிப்பதற்காகவே தயாரிக்கப்படுகிறது. அதைப் பத்து ஆண்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பழசாகும், அவ்வளவுதான், நன்றாகிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எவ்வளவு பழசோ அவ்வளவு ருசி" என்ற நம்பிக்கையோடு வருபவர்கள்தான் முதல் பாட்டிலிலேயே மனசு விட்டுப் போகிறார்கள். காலத்தோடு வளரக்கூடிய ஒயின்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றைப் பார்த்து எடுத்து, அவசரப்படாமல் திறந்து, பிடித்தவர்களோடு உட்கார்ந்து குடிக்கும் சந்தோஷம் தனி. அதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் முன்னதாக யோசித்து வைத்தால் போதும்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

இளம் ரெட் ஒயினை ஒரு வாய் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இறுகும். அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது. ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். நிறத்தைத் தருவது தோலில் உள்ள ஆந்தோசயனின். ஆண்டுகள் போகப் போக இந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகின்றன. பழைய பாட்டிலில் தெரியும் மண்டி அதுதான். கெட்டுப்போனதற்கு அது அடையாளம் இல்லை. துவர்ப்பு அடங்கி ஒயின் மெத்தென்று ஆவதற்கும், ஊதா கலந்த சிவப்பு மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வருவதற்கும் பெரும்பாலும் இதே மாற்றம்தான் காரணம்.

மணம் மாறுவது இன்னும் சுவாரசியம். புது ஒயினில் பழ வாசனைதான் முன்னால் நிற்கும்: பிளாக்பெர்ரி, பிளம், செர்ரி. கூடவே புது ஓக் தந்த வெனிலா, கிராம்பு. பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தப் பழங்கள் உலர ஆரம்பிக்கும். உலர்ந்த அத்தி, உலர்ந்த பிளம் என்று ஆகும். அவற்றுக்குப் பின்னால் தோல், புகையிலை இலை, தேவதாரு மரம், காளான், மழை பெய்த காட்டின் ஈர மண் என்று புதிது புதிதாக வரும். பழச்சுவையை எதிர்பார்த்து வருபவருக்கு இது முதலில் விநோதமாக இருக்கும். பிடிக்காமலும் போகலாம். பழைய ஒயின் பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

இந்தப் பயணத்தைத் தாங்க ஒயினுக்குள் மூன்று சரக்கு வேண்டும்: டானின், புளிப்பு, செறிவான பழச்சாரம். மூன்றும் சமமாக இருக்க வேண்டும். டானின் மட்டும் தூக்கலாக இருந்தால் பழம் முன்னால் செத்துவிடும், துவர்ப்பு மட்டும் மிஞ்சும். கபர்னே சொவின்யோன், நெப்பியோலோ, சிரா, தெம்பிரனியோ, சாஞ்சோவேசே ஆகிய திராட்சைகள் இதற்குப் பேர்போனவை. பினோ நுவாரில் டானின் குறைவு. ஆனால் அதிலிருந்து செய்யும் நல்ல பர்கண்டி ஒயினை (பிரான்சின் பர்கண்டி பகுதியில் செய்வது) அதன் புளிப்பு பல ஆண்டு தாங்கிப் பிடிக்கும்.

எதை வாங்குவது

முதல் தடவைக்கு நாற்பது ஆண்டு பாட்டிலைத் தேடிப் போகாதீர்கள். பத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் உள்ள ஒன்றை எடுங்கள். அந்த வயதில் பழமும் மிச்சம் இருக்கும், முதிர்ச்சியும் வந்திருக்கும். இரண்டும் ஒரே கிளாஸில் கிடைப்பதால் எது எதிலிருந்து வந்தது என்று பழக எளிது.

நான் முதலில் கைகாட்டுவது ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயின், அதிலும் நீண்ட நாள் வைத்து விற்கும் கிரான் ரிசெர்வா வகை. அங்கே விதிப்படியே அறுவடைக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு தயாரிப்பாளரின் நிலவறையில் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 2 ஆண்டு ஓக் பீப்பாயில். அதாவது காத்திருக்கும் வேலையில் பாதியை அவர்களே முடித்துவிட்டு விற்கிறார்கள். 2001, 2004, 2010 அங்கே நல்ல ஆண்டுகள். இத்தாலியில் நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். புருனெல்லோ தி மொந்தல்சீனோ, அறுவடைக்கு அடுத்த ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் விற்பனைக்கு வரவே கூடாது. பரோலோவில் 2010, 2016 இரண்டும் சிறந்த ஆண்டுகள். ஆனால் நெப்பியோலோவின் டானின் பிடிவாதமானது, பத்து ஆண்டுக்கு முன் திறந்தால் பலருக்கும் கரடுமுரடாகப் படும்.

பிரான்சின் போர்தோ பகுதியைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1855-இல் போட்ட தயாரிப்பாளர் தரவரிசைப் பட்டியல்தான் இன்றும் அங்கே நிற்கிறது; 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்டை முதல் தரத்துக்கு உயர்த்தியதைச் சொல்லிக்கொள்ளும்படியான ஒரே திருத்தம் என்பார்கள். அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவற்றின் விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாது. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 2005, 2009, 2010, 2016 மாதிரியான நல்ல ஆண்டுகளில் பட்டியலில் இடமே இல்லாத தயாரிப்பாளர்களும் அழகாக முதிரும் ஒயின் செய்திருக்கிறார்கள். மோசமான ஆண்டின் பெரிய பெயரைவிட நல்ல ஆண்டின் சின்னப் பெயர் மேல்.

பிரான்சும் இத்தாலியும் மட்டும்தான் முதிரும் என்றும் நினைக்க வேண்டாம். 1976 மே மாதம் பாரிஸில் பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய, லேபிளை மறைத்த போட்டியில் கலிபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் ரெட் ஒயின் முதலிடம் பிடித்தது. "இப்போது சரி, ஆனால் இவை வயதைத் தாங்காது" என்றார்கள் பலர். முப்பது ஆண்டு கழித்து 2006-இல் அதே ரெட் ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதலிடம் வந்ததும் கலிபோர்னியாதான்: ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. முதல் போட்டியில் அது ஐந்தாம் இடம்.

சரி, பாட்டிலைக் கையில் எடுத்தால் என்ன பார்ப்பது? ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். தக்கை வழியாக மிக மெதுவாக ஆவியாவதால் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். பதினைந்து ஆண்டுப் பாட்டிலில் அது கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முப்பது ஆண்டுப் பாட்டிலில் தோளின் (கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலும் வளைவு) மேல்பகுதி வரை இறங்கியிருந்தால் இயல்பு. தோளின் நடுவுக்கும் கீழே போயிருந்தால் உள்ளே காற்று நிறையப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அடுத்து, தக்கை வாயைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, மூடித்தாளைச் சுற்றி ஒயின் கசிந்து காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. லேபிள் கறை படிந்து கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஈரமான நல்ல நிலவறையில் இருந்ததற்கு அது சாட்சியாகவும் இருக்கலாம்.

விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதுவரை எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது? மிகப் பழைய, மிகப் பெரிய பெயர்களில் போலியும் உண்டு. போலி ஒயின் விற்று மாட்டிய ரூடி குர்னியவான் வழக்கு இதற்குப் பெரிய பாடம். பர்கண்டியின் தயாரிப்பாளரான பொன்சோ குடும்பம் 1982-க்கு முன் தயாரிக்கவே இல்லாத குளோ சான் தெனி ஒயின், 1945-ஆம் ஆண்டு லேபிளோடெல்லாம் ஏலத்துக்கு வந்தது. 2014-இல் குர்னியவானுக்கு 10 ஆண்டு சிறை. மிதமான விலையில், தெரிந்த இடத்தில் வாங்குபவருக்கு இந்தப் பயம் தேவையில்லை.

முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒன்று இப்போது வெளியான ஆண்டு, இன்னொன்று பத்து பதினைந்து ஆண்டுக்கு முந்தையது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயினைத் தனியாகக் குடித்தால் "நன்றாக இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தம்பியைப் பக்கத்தில் வைத்துக் குடித்தால்தான் அண்ணன் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான் என்று தெரியும். டானின் எங்கே போனது, நிறம் எவ்வளவு கழன்றது, எந்தப் பழம் எந்த உலர்ந்த பழமானது என்று எல்லாம் அந்த ஒரு மேஜையிலேயே புரிந்துவிடும்.

பிறந்த ஆண்டுப் பாட்டில்

பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் அந்த ஆண்டு ஒயினைத் திறப்பது நல்ல வழக்கம்தான். சிக்கல் என்னவென்றால் மனிதர்கள் எல்லா ஆண்டிலும் பிறக்கிறார்கள். திராட்சை எல்லா ஆண்டிலும் நன்றாக விளைவதில்லை. 1991 ஏப்ரலில் போர்தோவில் கடும் உறைபனி விழுந்து மொட்டெல்லாம் கருகியது. அந்த ஆண்டில் பிறந்தவருக்குப் போர்தோ வாங்கித் தருவதைவிடக் கலிபோர்னியாவின் நாபா ஒயினோ பிரான்சின் வடக்கு ரோன் ஒயினோ வாங்குவது நல்லது, இரண்டு இடத்திலும் 1991 நன்றாக விளைந்தது. 1977-உம் போர்தோவுக்கு மோசம். ஆனால் போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான விண்டேஜ் போர்ட்டுக்கு அது கொண்டாட்ட ஆண்டு.

ஆண்டு பழசாகப் பழசாகச் சாதாரண ரெட் ஒயினை விட்டுவிட்டு, ஆல்கஹால் சேர்த்து உறுதியாக்கிய இனிப்பு ஒயின்கள் பக்கம் போவதுதான் பாதுகாப்பு. விண்டேஜ் போர்ட், ஒரே ஆண்டுத் திராட்சையைக் குறைந்தது 7 ஆண்டு பீப்பாயில் வைத்து எடுக்கும் கொல்யெய்த்தா போர்ட், தென் பிரான்சின் மோரி, பன்யூல்ஸ், ரிவ்சால்ட் ஆகியவை ஐம்பது ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கும். அறுபதாம் பிறந்தநாளுக்குத் திறந்து, விருந்தினர் முன்னால் வினிகரை ஊற்ற வேண்டி வராது.

வீட்டுக்கு வந்த பிறகு

பயணம் செய்து வந்த பழைய பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். மண்டி கலங்கியிருக்கும், சுவையும் சிதறிக் கிடக்கும். இரண்டு மூன்று வாரமாவது ஓய்வு கொடுங்கள். 12-லிருந்து 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, அதிர்வில்லாத இடம், தக்கை நனையும்படி படுக்க வைத்த நிலை: நீண்ட நாள் வைக்க இவ்வளவு வேண்டும். சில வாரம்தான் என்றால் வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத, வெப்பநிலை ஏறி இறங்காத மூலை போதும். அடுப்புக்குப் பக்கமும் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேலும் வேண்டாம்.

திறக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மண்டி அதிகம் என்றால் இரண்டு மூன்று நாள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மண்டி வழுக்கி அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். இது ஒன்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், மறந்தால் அன்று மாலை சரிசெய்ய வழியே இல்லை.

தக்கையை எடுப்பது

இருபது ஆண்டுக்கு மேற்பட்ட தக்கை உள்ளே நொறுங்கிப் போயிருக்கலாம். நெம்புகோல் வைத்த பெரிய திறப்பான்களை அன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆஸோ என்று ஒரு கருவி இருக்கிறது. திருகு கிடையாது, நீளம் வித்தியாசமான இரண்டு மெல்லிய தகடுகள் மட்டும். நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, பிறகு அடுத்ததை எதிர்ப்பக்கம் நுழைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி உள்ளே இறக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் தக்கையே பாட்டிலுக்குள் விழுந்துவிடும். முழுவதும் இறங்கியதும் மெதுவாகத் திருகிக்கொண்டே மேலே இழுங்கள்.

மூடித்தாளைக் கழுத்து வளையத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் ஆரம்பிக்க வேண்டும். தக்கையின் மேல் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தால் பதற வேண்டாம். ஈரமான நிலவறையில் இருந்த பாட்டில்களுக்கு அது வழக்கம். உள்ளே இருக்கும் ஒயினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தக்கை பாதியில் உடைந்தால் திருகைச் சாய்வாக மீதியில் இறக்கி எடுத்துப் பாருங்கள். தூளாகிவிட்டதா? மெல்லிய சல்லடையிலோ துவைத்து அலசிய பருத்தித் துணியிலோ வடிகட்டி ஊற்றுங்கள். சுவை போய்விடாது.

மண்டியைப் பிரிப்பது

சுத்தமான டிகேண்டர் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஒன்று, இல்லாவிட்டால் அகன்ற கண்ணாடிக் கூஜா. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ கைபேசியின் டார்ச்சோ. பாட்டிலை நிமிர்ந்த நிலையிலிருந்து மிக மெதுவாகச் சாய்த்து, ஒரே இழையாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் அடியில் கிடப்பது எழும்பிவிடும்.

கண் ஒயின் விழும் இடத்தில் இருக்கக் கூடாது, தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். முக்கால் பாட்டில் வரைக்கும் வெளிச்சம் தெளிவான மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். பிறகு மெல்லிய புகை ஒன்று தோளை நோக்கி நகரும். அதன் பின்னாலேயே கறுத்த துகள்கள் வரிசையாக வரும். புகை கழுத்துக்குள் நுழைந்த கணமே கையை நிமிர்த்துங்கள். அடியில் 40, 50 மில்லி நின்றுபோகும். போனால் போகட்டும். அதைச் சேர்த்து ஊற்றினால் கடைசி இரண்டு கிளாஸும் கசந்து மணல் மாதிரி நாக்கில் உரசும்.

எவ்வளவு நேரம் முன்னால் ஊற்றுவது என்பதில்தான் ஒயின் ஆட்கள் இரவெல்லாம் வாதாடுவார்கள். நான் பின்பற்றுவது இது: பத்துப் பன்னிரண்டு ஆண்டு பரோலோ மாதிரி முறுக்கோடு இருப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம், பதினைந்து இருபது ஆண்டுப் போர்தோவுக்கு ஒரு மணி நேரம் தாராளம், முப்பது ஆண்டைத் தாண்டியதற்கு, எல்லோரும் மேஜையில் உட்கார்ந்த பிறகுதான். வயதான ஒயின் காற்றை அதிகம் தாங்காது. திறந்த கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் அடுத்த முக்கால் மணி நேரத்தில் மங்கிவிடுவதும் உண்டு. பிரான்சின் பழைய ஒயின் சேகரிப்பாளர் பிரான்சுவா ஓடூஸ் டிகேண்டர் பக்கமே போவதில்லை. நாலைந்து மணி நேரம் முன்னால் தக்கையை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலை அசைக்காமல் நிற்க விடுவார். மிகப் பழைய பாட்டில்களுக்கு அதுவும் நல்ல வழிதான். சந்தேகம் இருந்தால் ஒரு வாய் ருசி பாருங்கள். இறுக்கமாக, மூடிக்கொண்டு இருந்தால் காற்று கொடுங்கள். இப்போதே பேசுகிறது என்றால் உடனே பரிமாறுங்கள்.

ஊற்றுவதும் சுவைப்பதும்

வெப்பநிலை 16-லிருந்து 18 டிகிரி. அறை சூடாக இருந்தால் 15-லேயே ஆரம்பியுங்கள், கிளாஸில் தானாக ஏறிவிடும். சூடான ரெட் ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். மேலே குறுகி நடுவில் அகன்ற கிளாஸ் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, ஒப்பிடும்போது கிளாஸால் வந்த வித்தியாசமா, ஒயினால் வந்ததா என்று குழம்ப வேண்டாம்.

முதலில் கண். வெள்ளைத் துணிக்கோ தாளுக்கோ மேலே கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். நடுவைவிட விளிம்புதான் வயதைச் சொல்லும். இளசில் விளிம்பு வரை ஊதா. முதிர்ந்ததில் விளிம்பு செங்கல் நிறமாகி, கடைசியில் ஒரு ஆரஞ்சுக் கோடு. நெப்பியோலோ இளமையிலேயே வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்புறம் மூக்கு. சுழற்றாமல் ஒரு தடவை முகருங்கள். பழைய ஒயினின் மிக நுட்பமான வாசனைகள் அந்த முதல் முகர்வில்தான் கிடைக்கும். இளம் ஒயினைச் சுழற்றுகிற வேகத்தில் இதைச் சுழற்றினால் அவை பறந்துவிடும். பிறகு மெதுவாக இரண்டு சுற்று சுழற்றி மறுபடி முகருங்கள். பாட்டில் திறந்ததும் தீக்குச்சி, முட்டை, பழைய அலமாரி மாதிரி ஒரு வாடை அடித்தால் உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பல தடவை அது தானாகப் போய்விடும்.

வாயில் சின்ன மிடறு. நாக்கு முழுக்கப் படரவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, விழுங்குங்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, டானின் எப்படி இருக்கிறது? ஈறைப் பிடித்து இழுக்கிறதா, பட்டுமாதிரி வழுக்கிப் போகிறதா, இருக்கிற இடமே தெரியவில்லையா? இரண்டு, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? மனசுக்குள் நொடியை எண்ணுங்கள். நாலைந்து நொடியில் மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டினால் நல்ல ஒயின். இருபதைத் தாண்டி இன்னும் ஏதோ வந்துகொண்டே இருந்தால் பேசாமல் உட்கார்ந்து அனுபவியுங்கள்.

பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து எடுங்கள். பழைய ஒயினில் எனக்கு மிகப் பிடித்தது இந்த இரண்டாவது சந்திப்புதான். முதலில் காளானும் ஈர மண்ணுமாக இருந்தது இப்போது உலர்ந்த ரோஜாவாக விரிந்திருக்கும். பழமே இல்லை என்று நினைத்ததில் எங்கிருந்தோ செர்ரி எட்டிப் பார்க்கும். ஒரே மூச்சில் குடித்து முடித்தவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்தில் ஊறிய பழைய செய்தித்தாள் வாடை வந்தால் அது தக்கைக் கோளாறு. டிசிஏ என்ற வேதிப்பொருள். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். காற்றில் வைத்தால் இது போகாது, இன்னும் மோசமாகும். சிராய்ப்பான வினிகர் நெடியும் நகப்பூச்சு அழிப்பான் நெடியும் வந்தால் புளித்துவிட்டது. பழமே இல்லாமல், வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாடையும் தட்டையான சுவையும் இருந்தால் காற்று தின்றுவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் கிடையாது. பழைய பாட்டிலில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, அதனால்தான் விசேஷ நாளில் கையிருப்பில் இன்னொரு பாட்டில் இருக்க வேண்டும். அது பழசாக இருக்க வேண்டியதில்லை. நம்பகமான, இளசான, எல்லோருக்கும் பிடிக்கும் ஒன்று போதும்.

யாரோடு, எத்தனை பேரோடு

750 மில்லியில் மண்டி போனால் 700. ஆறு பேருக்கு ஊற்றினால் ஆளுக்கு 115 மில்லி, எட்டுப் பேருக்கு 90-க்குக் கொஞ்சம் குறைவு. பத்துக்கு மேல் போனால் இருபது நிமிடம் கழித்துத் திரும்ப எடுக்கக் கிளாஸில் எதுவும் இருக்காது. ஆகவே ஆறிலிருந்து எட்டு. பெரிய விருந்தில் அறுபது பேருக்கு நடுவே ஒற்றைப் பழைய பாட்டிலைத் திறக்காதீர்கள். முன்னதாக நெருங்கியவர்களோடு ஒரு அறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு விருந்துக்குப் போங்கள். கூட்டம் பெரிதாக இருந்தும் எல்லோருக்கும் தர ஆசை என்றால் 1.5 லிட்டர் மேக்னம் தேடுங்கள்; அளவு இரண்டு மடங்கு, முதிர்வதும் நிதானமாக. 375 மில்லி அரை பாட்டில் சீக்கிரம் முதிர்ந்துவிடும், அதில் பழைய ஆண்டு வாங்கும்போது கவனம்.

ஆட்களைத் தேர்வு செய்வதில் ஒயின் அறிவைப் பார்க்க வேண்டாம் என்பேன். ஆர்வத்தோடு முகர்ந்து "இதில் புகையிலை வருகிறது" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் புதியவர், விலையையும் மதிப்பெண்ணையும் ஒப்பிக்கும் நிபுணரைவிட நல்ல துணை. குடிக்காதவர் மேஜையில் இருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். முகர்ந்து பார்க்கக் கொடுங்கள், பலருக்கு அதுவே பிடிக்கும். வண்டி ஓட்டி வந்தவருக்குத் திரும்பிப் போக ஏற்பாட்டை முதலிலேயே பேசிவிடுங்கள். தண்ணீர் நிறைய வையுங்கள்.

வரிசை முக்கியம். இளசும் பழசும் இருந்தால் பொதுவாக இளசு முதலில். ஆனால் பழசு மிக மென்மையானது, இளசு டானின் கொழுத்தது என்றால் மாற்றிவிடுங்கள். இளசு குடித்த நாக்கில் பழசு தண்ணீர் மாதிரித் தெரியும். ஒப்பிடுவதற்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, பழசிலிருந்து இளசுக்குப் போய்த் திரும்பி வருவது இன்னும் நல்லது. விசேஷத்துக்கு வந்த பழைய ஒயினைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். சாப்பிட்டு, பேசிக் களைத்து, நாக்கு மரத்த பிறகு அதைத் திறப்பது வீண்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். வாட்டிய இறைச்சி, காளான், கெட்டியான பாலாடைக்கட்டி, ரொட்டி. காரம் டானினையும் ஆல்கஹாலையும் தூக்கிக் காட்டும், மென்மையானதெல்லாம் அடிபட்டுப் போகும். மேஜையில் மணமுள்ள பூக்களோ ஊதுபத்தியோ வாசனைத் திரவியமோ வேண்டாம்.

ஊற்றியதும் முதல் இரண்டு நிமிடம் யாரும் எதுவும் சொல்லாமல் முகர்ந்து, ஒரு சின்னத் தாளில் தோன்றிய இரண்டு மூன்று வார்த்தையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் "தோல் வாசனை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஏழு பேருக்கும் தோல் வாசனைதான் வரும். எழுதிய பிறகு பேச்சு ஆரம்பிக்கட்டும். பாட்டிலைக் கொண்டுவந்தவர் அது கையில் வந்த கதையைச் சொல்லலாம், ஆனால் எல்லோரும் குடித்த பிறகு. கொண்டாட்டத்தில் லேபிளை மறைத்துப் புதிர் போடுவது எனக்கு ஏற்புடையதல்ல. மணநாளுக்காகத் தேடி வாங்கிய ஆண்டை ஏன் மறைக்க வேண்டும்?

நீங்கள் விருந்தினராகப் போகும்போது பழைய பாட்டில் எடுத்துப் போகிறீர்கள் என்றால், வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இன்றைக்குத் திறக்கவா, அவர்கள் வைத்துக்கொள்ளவா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். இன்றைக்கு என்றால் பாட்டிலை ஒரு நாள் முன்பே அங்கே சேர்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் வீட்டிலேயே டிகேண்டரில் ஊற்றி, பாட்டிலைச் சுத்தமான தண்ணீரில் அலசி மண்டியைக் கொட்டி, ஒயினைத் திரும்ப அதிலேயே ஊற்றித் தக்கையால் மூடி எடுத்துப் போகலாம். பதினைந்து இருபது ஆண்டு ஒயினுக்கு இது சரிவரும்.

"இன்னும் பெரிய நாள் வரட்டும்" என்று தள்ளிப்போட்டே பலர் நல்ல பாட்டிலைச் சாக விடுகிறார்கள். அமெரிக்க நாளிதழ் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒயின் பத்தி எழுதிய டோரதி கெய்ட்டர், ஜான் பிரெச்சர் தம்பதி இதற்காகவே பிப்ரவரி கடைசி சனிக்கிழமையை ஒதுக்கச் சொன்னார்கள்: விசேஷம் எதுவும் இல்லாவிட்டாலும், வீட்டில் காத்துக்கிடக்கும் அந்தப் பாட்டிலை அன்றைக்குத் திறந்துவிடுவது. வேறு சாக்கு கிடைக்காதவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மிச்சம் வைக்கிற பழக்கம் பழைய ஒயினுக்கு ஒத்துவராது. திறந்த மறுநாள் அதில் பெரிதாக எதுவும் இருக்காது. தக்கை வழியே ஊசி செலுத்தி ஆர்கான் வாயு நிரப்பும் கருவிகளும் நொறுங்கிய தக்கையில் சிரமம். அன்றிரவே முடித்துவிடுங்கள். கிளாஸையும் டிகேண்டரையும் படுக்கப் போவதற்கு முன் வெந்நீரில் அலசுங்கள், சோப்பு போடாமல். சோப்பின் வாசனை கண்ணாடியில் தங்கினால் அடுத்த பாட்டிலில் வந்து நிற்கும். டிகேண்டரின் அடியில் சிவப்புக் கறை பிடித்திருந்தால் கொஞ்சம் பச்சரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போய்விடும். தலைகீழாகக் கவிழ்த்து, முழுவதும் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள்.